கோவிந்தம்மா இஸ்த டிரெய்லரு

...அந்த சிவசங்கரு சொல்றத நம்பிக்கினு நீ ஏண்ணே மூஞ்சிய இப்டித் தூக்கி வெச்சிக்கினு கீற? இந்தக் கோவிந்தம்மா வண்டியில டிரெய்லர மாட்டுனா நெல்லு கால்வாய்க்குத்தான் போவும்னானா? சொல்லுவான், சொல்லுவான்! ஊரெல்லாம் அதான் சொல்லிக்கினு திரியறான். நீ அந்தக் கொக்கிப் பின்னை மாட்டு, தெய்வசிகாமணியண்ணே. மாட்டிக்கினே கேளு.

மேல பாத்தியா, மானம் கறுத்துக்கினு வருது. அறுப்பு நேரம் பாத்து உன் டிராக்டரு படுத்துக்கிச்சி. களத்து நெல்லெல்லாம் மூட்ட மூட்டையா டிரெய்லர்ல ஏறிக் குந்திக்கினு கீது. பொன்னேரிக்கு இத்த இஸ்துக்கினு போவ இப்ப யாரு வருவா? நான்தான். எனக்கும் வேற கதி இல்ல, உள்ளதச் சொல்றேன். மீன்பாடே இல்லண்ணே. லைட்ஹவுஸ் குப்பத்துல என் மீன் வண்டி சும்மா நின்னு நின்னு... டிரைவர் சீட்ல கோழி அட காக்குது! இந்த சவாரியும் பூட்டா, இந்தப் பக்கத்துல ஒருத்தனும் என்ன நெல்லுக்குக் கூப்ட மாட்டான். அதுக்காவத்தான் நடந்தத நடந்தபடி சொல்றேன்.

அன்னிக்கு சிவசங்கரு நெல்ல இஸ்துக்கினு போனப்ப என் வண்டிக்குப் பின்னாடி இந்த இரும்புக் கொக்கி கெடையாது. இருந்தது படகுக் கயிறு. கடல்ல இஞ்சின் நின்னுபோன படக இஸ்துக்கினு வர்றோம்ல? கயித்த நீளமாத்தான் உடுவோம். கிட்ட கட்டுனா அலையில வந்து மோதிக்கும். அதான் முறை. எங்க வீட்டுக்காரு அதே மாதிரி கட்டிட்டு, என் வண்டிப் பின்னால ஏறிக்கினாரு. நான் இங்க கீறேன், டிரெய்லரு... அதோ அந்தப் பனமரம் தெரியுது பாரு, அங்க கீது! ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன் நடுவுல பூந்துட்டான். கயிறு கீதே, என்னா ஏதுன்னு ஒண்ணும் கேக்கல. ஆள ஏத்துறான், எறக்குறான், அவம்பாட்டுக்கு எங்க நடுவுலயே வர்றான்.

அப்புறம் கால்வாய்ப் பாலம் வந்துச்சி, ஆட்டோக்காரன் ஒதுங்கிப் பூட்டான். ஏறுறப்ப சொகமா ஏறிச்சி. எறக்கத்துல நான் வேகத்தக் கொறைக்கிறேன், அது கொறைக்க மாட்டேங்குது! தண்ணின்னா படகத் தானா நிறுத்திடும்ணே. தார் ரோடு நிறுத்துமா? பின்னாடி வந்தது பக்கத்துல வந்துச்சி. பக்கத்துல வந்தது முன்னாடி பூடுச்சி. சிவசங்கரு மூட்ட மேல குந்திக்கினு என்னத் தாண்டிப் போறான்... கும்பிட்ட கையோட! கயிறு விண்ணுனு வெடச்சிச்சி பாரு, என் வண்டி அப்டியே திரும்பி, பின்பக்கமா ஓடுது. இஸ்துக்கினு வந்தவ நானு, இப்ப அது என்ன இஸ்துக்கினு போவுது!

படகு நிக்கலன்னா நாங்க இன்னா பண்ணுவோம்? "யோவ், நங்கூரத்தப் போடுயா!"ன்னேன். வண்டியில கெடந்த படகு நங்கூரத்தத் தூக்கிப் போட்டாரு. நல்ல மனுசன், சொன்னா ஒடனே செய்வாரு. அது போயி டீக்கடப் பந்தல்ல மாட்டிக்கிச்சி. பந்தலு, பெஞ்சி, பெஞ்சில குந்தி பஜ்ஜி துன்னுக்கினு இருந்த மேஸ்திரி, எல்லாம் எங்க கூடவே கால்வாய்க்கு வந்துட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல, முட்டிக்கால் சேறுதான். மேஸ்திரி பஜ்ஜியக்கூட கீழ உடல. ஆனா அந்த டீக்கடக்காரன் கீறானே, இன்னிக்கும் என் வண்டியப் பாத்தா டீய ரோட்டுக்கே கொண்ணாந்து குடுத்து அனுப்பிடறான். கடை கிட்ட நிறுத்த உட மாட்றான்!

நெல்லு நனைஞ்சி பூடுச்சாம். நாங்க புடிக்கிற மீனெல்லாம் நனைஞ்சிதான் வருது, நான் யார் மேலயாவது கோச்சிக்கினேனா? அதுவும் கடல் ஏறி வர்ற கால்வாய், உப்புத் தண்ணி. சோத்துக்குத் தனியா உப்பு வாணாம், மிச்சம்தான! அத்த எவன் நெனச்சிப் பாக்குறான்...

சரி, பழச உடு. இப்ப கயிறு இல்ல. ரஃபீக் பாய் வெல்டு வெச்ச கெட்டி இரும்பு. டிரெய்லரு முட்டவும் முட்டாது, தாண்டவும் தாண்டாது. கீழ குனிஞ்சி இன்னாண்ணே பாக்குற? ...எண்ணெயா? அது பிரேக்கு எண்ணெய், ஒழுவும். அமுக்கி அமுக்கி மிதிச்சா புடிச்சிக்கும், புடிக்கிற அன்னிக்கு. ...ஆமா, அன்னிக்கும் அப்டித்தான். பிரேக்கு புடிச்சிருந்தா நான் ஏன் நங்கூரத்தப் போடச் சொல்லப்போறேன்? நல்லாக் கேட்ட போ! அத்த மாத்தத்தான் காசு எடுத்து வெச்சிருந்தேன். அப்புறம் யோசன பண்ணிப் பாத்தேன்... அந்தக் காசுல இன்னொரு நங்கூரம் வாங்கிட்டேன்.

அண்ணே... மாட்டுன பின்னை ஏன் உருவுற? தூறல் வேற உழுது... எங்க போற? கொட்டாயிலேர்ந்து மாட்டையா ஓட்டிக்கினு வர்ற? ஐய, டிரெய்லர்லயா கட்டப்போற... அண்ணே! மாட்டுக்கு மட்டும் இன்னா பிரேக்கா கீது?