நாற்பத்தேழாவது கவர்

— அந்த நாப்பத்தேழுல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல.

— அக்கா, முதல்ல கையை விடு. நாலு மணி நேரம் பஸ்ல தொங்கிக்கிட்டு வந்திருக்கேன். அப்பா முகத்தைக்கூட இன்னும் பாக்கல.

— பாக்கலாம். இப்பதான் கண்ணசந்தார். உள்ள ரெண்டு நிமிஷத்துக்கு மேல யாரையும் நிக்க விடமாட்டேங்கறாங்க.

— நான் இந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்கற நர்ஸுக்கா. என்னை யாரு தடுக்கப்போறா?

— அதுக்குத்தான் உன்னை இந்த ரூமுக்கு இழுத்துட்டு வந்தேன். கதவைச் சாத்து.

— எப்படி இருக்கார், அதைச் சொல்லு முதல்ல.

— காலைல அஞ்சரைக்கு நடுங்க ஆரம்பிச்சார். ரெண்டு போர்வை போத்தியும் நிக்கல. ஏழு மணிக்கு என்னைப் பாத்து யாரும்மா நீன்னு கேட்டார். தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். காலு புண்ணு வழியா கிருமி ரத்தத்துல கலந்துடுச்சாம். பிரஷர் எழுபது சொச்சம்னாங்க.

— காலு புண்ணா? எந்தப் புண்ணு?

— பெருவிரல்ல. செருப்பு கடிச்சது.

— சர்க்கரைக்காரருக்குக் கால்ல புண்ணு, அதை என்கிட்ட நீ சொல்லவே இல்ல.

— நீ எப்படா போனை எடுத்த? எடுத்தாலும், ஆராய்ச்சிக்கு ஆள் சேக்கணும்க்கா அப்புறம் பேசறேன்னு வெச்சுடுவ. நான் தினமும் கழுவிக் கட்டு போட்டுக்கிட்டுதான் இருந்தேன். சரியாயிடும்னு நினைச்சேன். என்னை இப்பத் திட்டாத. காலைலருந்து நானே என்னைத் திட்டிக்கிட்டு இருக்கேன்.

— திட்டல. வழக்கமான மருந்தெல்லாம் போகுதுல்ல?

— போகுது. கையில ஒண்ணு, கழுத்துல ஒண்ணு. கேளுடா, நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.

— நாப்பத்தேழுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது நீதான் பீத்திக்கிட்ட. நாப்பத்தாறு பேரைச் சேத்தாச்சு, இன்னும் பதினாலே பேர்தான்னு. நாப்பத்தாறுக்கு அடுத்தது நாப்பத்தேழு. நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவதான்.

— விஷயம் என்னன்னா, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. கவருக்குள்ள ஒரு சீட்டு. புது மருந்துன்னு இருக்கும், இல்ல உப்புத் தண்ணின்னு இருக்கும். ஒட்டின கவரை மருந்தகத்துல குடுப்போம். அவங்க பிரிச்சுப் பாத்து, பாட்டிலைக் கலந்து, மேல வெறும் நம்பரை ஒட்டி அனுப்புவாங்க. டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, படுத்திருக்கறவருக்கும் தெரியாது. தெரிஞ்சா அது ஆராய்ச்சியே இல்ல.

— உனக்கும் தெரியாது.

— எனக்கும் தெரியாது.

— உன் காது சிவந்துபோச்சு.

— பஸ்ல வெயில்.

— ஸ்கூல்ல உன் ரிப்போர்ட் கார்டை ஒளிச்சு வெச்சப்பவும் இதே காதுதான். பஸ்ஸாம் வெயிலாம். உள்ள நம்ம அப்பா கிடக்கார்டா.

— ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சா தெரியும்.

— எது?

— கவர். முன்னாடி உள்ள ஒரு கறுப்புத்தாள் வெச்சு மடிச்சிருப்பாங்க. முப்பதுக்கு அப்புறம் வந்த கட்டுல அந்தத் தாள் இல்ல. ஒருநாள் மேஜைமேல வெயில் விழுந்துச்சு, எழுத்து தானா தெரிஞ்சுது. அன்னிக்கே பெரிய டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டியிருக்கணும்.

— காட்டல.

— காட்டல. அதே நேரம் ஒரு பொண்ணைக் கொண்டுவந்தாங்க. குழந்தை பிறந்து அஞ்சாம் நாள், உடம்பு நெருப்பாக் கொதிக்குது. புருஷன் வெளிய குழந்தையை வெச்சுக்கிட்டு நிக்கறான், அவனுக்குப் பிடிக்கவே தெரியல, தலை தொங்குது. நான்தான் கையை மாத்தி வெச்சுவிட்டேன். கவரை நம்பர் வரிசைப்படிதான் எடுக்கணும்; முதல்ல இருந்தது உப்புத் தண்ணி. அதுக்கு அடுத்தது மருந்து. பக்கத்து கட்டிலுக்கு ஒரு தாத்தாவும் வந்திருந்தார்.

— தாத்தாவை முதல்ல சேத்துட்ட.

— பொண்ணு வீட்ல இன்னும் யோசிக்கறாங்கன்னு டாக்டர்கிட்ட ஒரு பொய். பத்து நிமிஷம். தாத்தாவுக்கு உப்புத் தண்ணி போச்சு, அவளுக்கு மருந்து போச்சு.

— இதுல என்னடா தப்பு? நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினேன்கூட. அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. சின்ன வயசுக்காரங்க, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை விட்டுட்டு வந்தவங்க, அப்படிப் பாத்துப் பாத்து எட்டுப் பேர்.

— வயசானவங்கல்லாம் உப்புத் தண்ணி.

— அவங்களும் எட்டுப் பேர்.

— அப்ப நம்ம அப்பா? எழுபத்தோரு வயசு. யாரோ எவரோன்னு வந்து படுத்திருந்தா எந்தப் பக்கம் தள்ளியிருப்ப?

— அக்கா, விடு.

— சொல்லுடா.

— உப்புத் தண்ணி பக்கம்.

— நல்லா இருக்கு உன் நியாயம். அவர் தோள்ல உக்காந்துதான் நீ இந்த ஊரையே பாத்த.

— தெரியும்.

— சரி, அழுவாத. மூக்கை உறிஞ்சாத. பாத்தவன் நீதான், சொல்லு. நாப்பத்தேழு என்ன?

— மருந்து.

— அப்பாடா.

— என்ன அப்பாடா?

— ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சியா நீ? இரு, வெளிய டீ வாங்கிட்டு வர்றேன்.

— அக்கா, உக்காரு.

— எதுக்கு? நின்னே கேக்கறேன்.

— அந்த எட்டுப் பேர்ல ஆறு பேர் இல்ல.

— இல்லன்னா?

— போயிட்டாங்க. முதல்ல போனது அந்தக் குழந்தை பெத்த பொண்ணு. ரெண்டாம் நாள் காலைல.

— நோய் முத்திப்போய் வந்திருப்பாங்க.

— முத்தல. பிழைக்கறவங்களாப் பாத்துப் பொறுக்கி எடுத்தவன் நான். அவங்கதான் வீட்டுக்குப் போயிருக்கணும்.

— நீ காக்க வெச்சதால இருக்கும். அந்தப் பத்து நிமிஷம்.

— அப்படி இருக்கணும்னுதான் நானும் வேண்டிக்கிட்டேன். இல்லக்கா, வழக்கமான மருந்து எல்லாருக்கும் வந்தவுடனே ஏறிடும், அதை நான் தொடவே இல்ல. காத்திருந்தது இந்தப் பாட்டில் மட்டும்தான். உப்புத் தண்ணி பக்கம் தள்ளினேனே எட்டுப் பேர், அதுல ஒருத்தர்தான் போனார். மத்த ஏழு பேரும் நடந்து வீட்டுக்குப் போனாங்க. அந்த முதல் தாத்தா போன வாரம் எனக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தார். நீ என்னை நல்லாப் பாத்துக்கிட்டப்பான்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். அந்தப் பழத்தை நான் தொடவே இல்ல.

— இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில ஒருத்தர்கூடவா கவனிக்கல?

— எப்படிக் கவனிப்பாங்க? யார் எந்தப் பக்கம்னு அவங்களுக்குத் தெரியாதே. ரெண்டையும் சேத்து எண்ணினா, இந்த நோய்க்கு இத்தனை பேர் போறது சகஜம்தான்னு தோணும். அறுபது பேர் ஆனப்புறம்தான் வெளியாளுங்க வந்து பிரிச்சுப் பாப்பாங்க. இப்ப பிரிச்சுப் பாக்க முடிஞ்சது எனக்கு மட்டும்தான். திருட்டுத்தனமாப் பாத்தவன்ல.

— உனக்கு எப்பத் தெரியும் இது?

— ஞாயித்துக்கிழமை. உங்க வீட்டுல சாப்பிட்டுட்டுப் போய், சும்மா ஒரு தாள்ல பேர்களை எழுதிப் பாத்தேன். ரெண்டு தடவை எண்ணினேன்.

— இன்னிக்கு வியாழன்.

— விஷயம் என்னன்னா, சொன்னா நான் கவரைப் பாத்தது வெளிய வந்துடும். வேலை போயிடும். மூணு வருஷ உழைப்பு மொத்தமும் குப்பை. பெரிய டாக்டர் என்னைப் பிள்ளை மாதிரி வெச்சிருக்கார், அவர் மூஞ்சில எப்படி முழிக்கறது? நாப்பத்தேழு பிரிக்கறதுக்குள்ள எப்படியும் சொல்லிடலாம்னு இருந்தேன். நடுவுல வெளியூருக்குப் பயிற்சிக்கு வான்னுட்டாங்க. ரெண்டு நாள்தானேன்னு கவர் இருக்கற டிராயர் சாவியைக் காலை டியூட்டி சிஸ்டர்கிட்ட குடுத்துட்டுப் போனேன்.

— அந்தப் பாட்டில் ஏறி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

— நாலு மணி நேரம்.

— நடுவுல நிறுத்தினா?

— நிறுத்தலாம். சொந்தக்காரங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல.

— நிறுத்தினா, அதுவரைக்கும் ஏறினது?

— தெரியாதுக்கா. யாரும் நடுவுல நிறுத்தினது இல்ல. எதுக்கு இதெல்லாம் கேக்கற? நீ கையெழுத்துப் போட வேண்டாம், அவ்வளவுதான். நான் வர்ற வரைக்கும் எதுலயும் போடாதன்னு போன்லயே சொன்னேன்ல.

— சொன்ன.

— அப்புறம் என்ன?

— நீ எழுந்திரு. இப்பவே உன் பெரிய டாக்டர்கிட்ட போ.

— போறேன். முதல்ல அப்பா கொஞ்சம் தெளியட்டும். சாயங்காலம் அவர் ரவுண்ட்ஸ் முடிச்சு தனியா இருப்பார், அப்ப சொல்றேன்.

— இப்பவே போடா.

— ஏன் பறக்கற? நாப்பத்தேழு டிராயர்லதானே இருக்கு. காலு முளைச்சு ஓடியா போயிடப்போகுது?

— டிராயர்ல இல்லடா. பிரஷர் இறங்குது, சீக்கிரம் முடிவு பண்ணுங்கன்னு அந்த சிஸ்டர் வந்து நின்னாங்க. எதையாவது செஞ்சோம்னு இருக்கட்டுமேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அப்பா தலைமாட்டுல தொங்குது, நாப்பத்தேழுன்னு ஒட்டி. உன்னைக் கூட்டிட்டு வர வெளிய வந்தப்பவே பாதி இறங்கியிருந்துச்சு.