எடை பாக்கற நாள்

மணி இல்லப்பா அது. மணின்னு யார் சொன்னா உனக்கு? தண்டவாளத் துண்டு. கரும்பு ரயில் ஓடின தண்டவாளத்துல ஒரு முழம் அறுத்து, கம்பி கட்டி உத்தரத்துல தொங்க விட்டிருந்தாங்க. குத்துச்சண்டை கோச் எலியெசர் பெரிய ஸ்பானர் ஒண்ணை எடுத்து அதுல ஒரு போடு போடுவார். டண்ண்ண்ணு. லேசுல அடங்காது அந்தச் சத்தம். ரெண்டு தெரு தள்ளி நான் வாழைக்காய் வறுத்துட்டு இருப்பேன், எண்ணெய் பொரியற சத்தத்தையும் தாண்டி வந்து காதுல விழும். மூணாவது ரவுண்டு முடிஞ்சு அடிச்சா, என் தம்பி வந்துருவான்னு தட்டை எடுத்து வைப்பேன். கூபாவுல, குவான்டனாமோவுல எங்க தெருவுக்கே அதுதான் கடிகாரம்.

ஏன் வாசல்லயே நிக்கறே? போய் கார் எஞ்சினை நிறுத்திட்டு வா. பெட்ரோல் என்ன உங்க மாமா கிந்தானா வீட்டுக் கிணத்துல ஊறுதா?

ம், உக்காரு. நாளைக்கு உங்க மாமா நடத்தற சண்டைக்கு எடை பாக்கறது இன்னிக்குச் சாயங்காலம்தானே? இன்னும் வெயில் உச்சிக்கே வரல. என் தம்பி லியோவானிஸை அப்புறம் பாக்கலாம், முதல்ல காபியைக் குடி. ஹயாலியாவுல ஒரு வீட்டுக்குள்ள வந்துட்டு காபி குடிக்காம எழுந்தா அந்த வீட்டுக்காரி முகத்துல துப்பின மாதிரி. உங்கம்மா சொல்லித் தரல? உன் பேரு என்ன சொன்னே? கெவினா. கடவுளே. கூபாவுல மத்தான்சாஸ்ல பொறந்தவ, புள்ளைக்குக் கெவின்னு பேரு வச்சிருக்கா.

கூவாதே. கூப்பிட்டா வர்றவன் இல்ல அவன் இப்பல்லாம். கொய்யா வச்ச பப்ஸ் இருக்கு, எடுத்துக்கோ.

நாளைக்கு அவன் எதிர்ல நிக்கப்போறவனுக்கு என்ன வயசு? இருபத்திமூணா. லியோவானிஸ் இந்த ஊருக்கு வந்தப்போ அதே வயசுதான். அவன் எப்படிக் கத்துக்கிட்டான்னு உனக்குத் தெரியுமா? உங்க மாமா சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே தெரியாது. எலியெசர் பசங்களுக்கெல்லாம் வெள்ளை பனியன் போடச் சொல்லி, கிளவுஸ் மேல கரித்தூளைத் தடவி விடுவார். குத்து வாங்கினா கறுப்பா அச்சு விழும். சாயங்காலம் எவன் பனியன்ல அச்சு அதிகமோ அவன்தான் அத்தனை பேர் பனியனையும் சோப்புப் போட்டுத் துவைக்கணும். அங்க சோப்பு கிடைக்கறதே பெரும்பாடு, அதுல இது வேற. என் தம்பி ஒரு பனியன் துவைச்சு நான் பாத்ததில்ல. போகும்போது எப்படிப் போனானோ அப்படியே வருவான், வெள்ளையா. எங்கம்மா திட்டுவா. குத்துச்சண்டைக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கடா போய் ஊர் சுத்திட்டு வர்றேன்னு.

சிரிக்கறே. சிரி.

நான் பள்ளிக்கூடத்துல டீச்சர். இதால்மிஸ் டீச்சர்னா அங்க இன்னிக்கும் சொல்வாங்க. இங்க முதியோர் இல்லத்துல படுக்கை விரிப்பு மடிக்கறேன், அதை விடு. இலக்கணம் சொல்லிக்குடுத்த கண்ணால சொல்றேன், அவன் ரிங்குக்குள்ள நகர்ந்தா எழுத்து நல்லாயிருக்கிற புள்ளை கரும்பலகையில எழுதற மாதிரி இருக்கும். அடிப்பான், அடிச்ச இடத்துல இருக்க மாட்டான். அவ்வளவுதான். அதைத்தான் உங்க ஆளுங்க போரடிக்குதுன்னாங்க.

தேசிய அணியோட வெளிநாடு போனவன், ஓட்டல் சமையக்கட்டுக் கதவு வழியா வெளியே வந்து உங்க மாமா கார்ல ஏறினான். தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நானும் என் வீட்டுக்காரர் எர்மேஸோட படகுலதான் வந்தேன். ஆனா அங்க குத்துச்சண்டைக் கூடத்துச் சுவத்துல இருந்த அவன் போட்டோவை எலியெசர் கையாலயே கழட்ட வச்சாங்க. அணியை விட்டு ஓடினவன் எட்டு வருஷம் ஊர்ப்பக்கம் வரக் கூடாதுன்னு சட்டம். ஆறாவது வருஷம் எங்கம்மா போயிட்டா. போன்ல அழுகைச் சத்தம் கேட்டான். அவ்வளவுதான் அவன் பண்ணின காரியம். அங்கயே விட்டுட்டு வந்த அவன் மகளுக்கு அப்போ ஒம்பது வயசு. அவளும் அந்தப் போன்ல அழுதா. யார் அழுகை எதுன்னு இவனுக்குப் பிரிச்சுத் தெரியல.

அந்த முதல் சண்டைக்கு வர்றேன், இரு. இங்க, மயாமியில. நான் ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தேன். பேசினது ஆறு ரவுண்டு. ஆனா அவன் உடம்புக்கு என்னப்பா தெரியும்? சின்னதுலேர்ந்து மூணு ரவுண்டு, மூணு ரவுண்டுன்னே பழகின உடம்பு. மூணாவது ரவுண்டு முடிஞ்சு மணி அடிச்சுது. என் தம்பி என்ன பண்ணினான் தெரியுமா? எதிராளியைக் கட்டிப் பிடிச்சு முதுகுல தட்டினான். எதிராளியோட மூலைக்குப் போய் அவன் கோச்சுக்கு வணக்கம் சொன்னான். திரும்ப வந்து நடுவுல, நடுவர் பக்கத்துல, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். கையைத் தூக்கி ஜெயிச்சான்னு சொல்வாங்கன்னு.

கூட்டம் முதல்ல புரியாம இருந்துச்சு. அப்புறம் சிரிச்சாங்க பாரு. நம்ம ஆளுங்கதான். கூபாக்காரங்க. அவங்களுக்குத் தெரியாதா மூணு ரவுண்டுப் பழக்கம்? தெரிஞ்சேதான் சிரிச்சாங்க. டேய் குவாஹிரோ, பட்டிக்காட்டானே, வீட்டுக்குப் போடா, மாடு காத்திருக்குன்னு ஒருத்தன் கத்தினான். உங்க மாமா கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வா வான்னு கையாட்டறார். அவனுக்குக் கேக்கல. நாலாவது ரவுண்டுக்கு மணி அடிச்சும் அவன் தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறான். எதிராளி வந்து மூக்கு மேல ஒண்ணு வச்சான். அன்னிக்குத்தான் என் தம்பி முகத்துல நான் ரத்தம் பாத்தேன்.

ஆமா, ஜெயிச்சான். யார் இல்லேன்னா? அப்புறம் வந்த அஞ்சாறு பேரையும் ஜெயிச்சான். பட்டமும் ஜெயிச்சான். உங்க மாமா வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்காரே அந்தப் பெல்ட். ஜெயிக்கறப்பெல்லாம் விசில். பிரமாதம்னு அடிக்கற விசில் இல்ல, போடா வெளியேங்கற விசில். அடிபட மாட்டேங்கறான், ஓடறான், காசைத் திருப்பிக் குடுன்னு. கேக்கவே கூசும் எனக்கு. அடி வாங்காம இருக்கறது ஒரு குத்தமாப்பா?

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கிந்தானா வந்தார். இதோ, நீ உக்காந்திருக்கியே, அதே நாற்காலி. நான் பண்ணின பன்னிக்கறியை ரெண்டாந்தடவை போட்டுக்கிட்டு, வாயில மென்னுக்கிட்டே சொல்றார். கண்ணு, ஜனங்க வர்றது நீ தப்பிக்கறதைப் பாக்க இல்ல. ரெண்டு வாங்கு, மூணு குடு. முகத்துல வாங்கு, அங்கதான் கேமரா பாக்குது. விரலை நக்கிக்கிட்டே சொன்னார். அன்னிலேர்ந்து நான் பன்னிக்கறி வைக்கறதில்ல.

புதுசா ஒரு கோச்சை வச்சாங்க. எதுக்குங்கறே? நிக்கக் கத்துக்குடுக்க. ஒம்பது வயசுலேர்ந்து கத்துக்கிட்ட ஒண்ணை அழிக்க எத்தனை நாளாகும்னு நினைக்கறே? கத்துக்க ஆனதுல பாதி கூட ஆகல.

அப்போதான் கை தட்டினாங்க. அப்போதான் அவன் நம்ம ஆளு ஆனான். தெருவுல பொம்பளைங்க கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்தாங்க. சண்டை முடிஞ்சு கண்ணு ரெண்டும் வீங்கி, வாய் கிழிஞ்சு வருவான், உங்க மாமா அந்த முகத்தைக் கையில ஏந்தி கேமராவுக்கு முன்னாடி முத்தம் குடுப்பார். என் புள்ளை, என் சிங்கம்னு. அவர் சட்டைக் காலர்ல என் தம்பி ரத்தம். அதைத் துடைச்சுக்காமலே விருந்துக்குப் போவார். நாலு பேர் பாக்கணுமே!

அந்த ஓட்டல் தெரியுமா உனக்கு, எட்டாம் தெருவுல? அங்க அவன் போட்டிருந்த ட்ரவுசரைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. துவைக்காம. ரத்தம் காய்ஞ்சு பழுப்பா இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே பன்னித்தொடை தொங்குது. கீழ உக்காந்து குடும்பம் குடும்பமா சாப்பிடறாங்க, பீன்ஸ் சோறு, வறுத்த வாழைக்காய். குழந்தைங்களைத் தூக்கிக் காட்டறாங்க. நான் ஒரே ஒரு தடவை போனேன். வெளியே வந்து வண்டி நிறுத்தற இடத்துல வாந்தி எடுத்தேன். எர்மேஸ் என் முதுகைத் தடவிவிட்டுக்கிட்டே, கோழி கெட்டுப்போயிருக்கும்னு சொன்னார். நல்ல மனுஷன்.

இல்ல, உன்னைச் சொல்லல. நீ சின்னப் பையன், கார் ஓட்டச் சொன்னா ஓட்டறே. ஆனா காதைக் குடு.

பட்டம் போச்சு. அப்புறம் வேற ஊர், வேற மண்டபம். சூதாட்ட விடுதி. அப்புறம் வண்டி நிறுத்தற இடத்துல போட்ட கொட்டாய். அப்புறம் மூணு வருஷம் ஒண்ணும் இல்ல. உங்க மாமாவுக்கு வழி மறந்து போச்சு. இப்போ திடீர்னு, பழைய சாம்பியன் கடைசியா ஒரு தடவைன்னு சுவரெல்லாம் ஒட்டியிருக்கார். எட்டு ரவுண்டு. கையெழுத்துப் போட்டான்னு சொல்றே. போடுவான்பா. போன வாரம் தண்ணி கேன் குடுக்க வந்தவன் நீட்டின தாள்லயும் போட்டான், கீழ ஒரு சின்ன கிளவுஸ் படமும் போட்டுக் குடுத்தான்.

ரொட்டி வாங்கப் போனவன் சாயங்காலம் வரைக்கும் வரல ஒரு நாள். தேடினா, யாரோ ஒரு பொண்ணோட பதினஞ்சு வயசு விழாவுல உக்காந்திருக்கான். சாம்பியன் வந்திருக்கார்னு அவங்க தலைமேஜையில உக்கார வச்சுட்டாங்க. காகிதத் தொப்பி வேற. அந்தப் பொண்ணுதான் தன் மகள்னு நினைச்சு, எவ்வளவு வளந்துட்டேன்னு சொல்லி அழுதிருக்கான். அவங்களும் ரொம்பப் பாசமான ஆளுன்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

டாக்டர் பாத்தாரா? எந்த டாக்டர், உங்க மாமா கூட்டிட்டு வந்தாரே அவரா? நான் பக்கத்துலதான் நின்னேன். விரலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினார். கண்ணு கூடவே போச்சு, நல்லாயிருக்கார்னு எழுதிட்டார். கண்ணு போகும்பா. அவனுக்குக் கண்ணுதான் கடைசியா மறக்கும். இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டிருக்கலாம். என் பேரென்னன்னு கேட்டிருக்கலாம், அக்கா பேரு.

உன் மாமாகிட்ட போன்ல சொன்னேன். கெஞ்சினேன்னே வச்சுக்கோ. அவர் என்ன சொன்னார் தெரியுமா? ரெண்டாவது ரவுண்டுலயே விழுந்துட்டா ஒண்ணும் ஆகாது, நான் பேசி வச்சிருக்கேன்னார். அவன் விழ மாட்டான். அது அவருக்கும் தெரியும். விழறது எப்படின்னு மட்டும் அவனுக்கு யாருமே சொல்லிக்குடுக்கல.

முந்தாநாள் காலையில இந்த மேஜையில கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தான். ஸ்பூனைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்துக் கேக்கறான். அக்கா, சனிக்கிழமை அந்தப் பையன் என்னை அடிக்கணுமா, அடிக்கக் கூடாதா? அதுல எதுன்னு எனக்கு மறந்துபோச்சு. கிந்தானா கோவிச்சுக்குவார், நீ கேட்டுச் சொல்லுன்னான்.

என்ன சொல்றது அதுக்கு? நீ சொல்லு.

நீ குடி, ஆறிடும்.

இரு, போன். கண்ணாடி எங்க... ம். எர்மேஸ்தான்.

ம். சரி.

இப்போ நீ உள்ளே போய்ப் பாக்கலாம். இடது பக்கம் ரெண்டாவது கதவு, பூட்டல. தாராளமா பாரு. கட்டிலுக்கு அடியிலயும் பாரு.

கத்தாதே கெவின். பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது. நானா ஏமாத்தினேன்? உள்ளே இருக்கான்னு ஒரு தடவையாவது சொன்னேனா, யோசிச்சுப் பாரு. உன்னைக் காபி குடிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். விமானம் ஏறறதுக்குள்ள உங்க மாமாவுக்குத் தெரிஞ்சிருந்தா விமான நிலையத்துக்கே ஆள் அனுப்பியிருப்பார், வா சிங்கம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், இவனும் எழுந்து பின்னாடியே போயிருப்பான். போன் பண்ணு, பண்ணிச் சொல்லு. கேஸ் போடட்டும். ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு எனக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாம். அவர் வந்தா அந்த நாற்காலியில உக்காரச் சொல்லமாட்டேன், நின்னுக்கிட்டே பேசட்டும்.

காலையில போனாங்க. எர்மேஸ் கூடப் போயிருக்கார். அந்த எட்டு வருஷத் தடைதான் எப்பவோ முடிஞ்சுபோச்சே. கூபாவுல, ஒல்கின்ல இறங்கியாச்சாம். அவன் மக மரிலெய்டிஸ் விமான நிலைய வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாளாம். மூணு வயசுல விட்டுட்டு வந்த புள்ளை. அவனுக்கு அவளை அடையாளம் தெரியல. அவ கையைப் பிடிச்சு வண்டியில ஏத்திக்கிட்டா. குவான்டனாமோவுக்குப் போய்க்கிட்டு இருக்காங்க.