ஓடைக்கு அந்தாண்ட ஏழு மரங்கள்

வெயிலுக்குப் பேர்போன எங்கள் ஜில்லாவில் பசுமைமாறாக் காடு இருக்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள், சார். திருப்பதிக்கு மேற்கே, மலைக்குள் ஒரு பள்ளத்தாக்கு. சித்திரையிலும் அங்கே தரை ஈரம் காயாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கேதான் அந்த மரத்தைக் கண்டுபிடித்தேன். அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய் வெள்ளைப் பூ. உலகத்தில் இந்த ஒன்றுதான் இருக்கிறது என்று எழுதினேன். அதன் அறிவியல் பெயரில் பூவராகவன் என்ற என் பெயரையும் சேர்த்தார்கள். சுற்றி வேலி வந்தது, காவலுக்கு ஆள் வந்தார்.

அம்சவேணி என்னிடம் ஆராய்ச்சி செய்தவள். சத்தியவேட்டுக்காரி, நல்ல உழைப்பாளி. போன மாசம் கல்லூரியில் என் அறைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், ஓடைக்கு அந்தாண்ட இன்னும் ஏழு மரம் பூத்துக்கினு இருக்குது. நம்ம மரந்தான் சார்."

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்தேன். நான் நேரில் பார்க்கும்வரை யாரிடமும் சொல்லாதே என்றேன். எட்டு மரம் என்று தெரிந்தால் அக்கறை போய்விடும், வேலியைப் பிரித்துவிடுவார்கள். சின்னப் பெண்ணுக்கு இதெல்லாம் சொன்னால் புரியாது.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் போனோம். ஏழும் அருமையான மரங்கள், என்னுடையதைவிட உயரம். கடைசி மரம் பாறை விளிம்பில் சரிந்து நின்றது, பூவெல்லாம் பள்ளத்துப் பக்கம். அதன் பூ வேண்டும் என்றேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினாள். மறுமுனை என் கையில் இருந்தது. விட்டுவிட்டேன்.

உடனே சாகவில்லை.

"சார், காலு ஒடஞ்சிட்சி... யாரையாச்சும் இட்டுக்கினு வாங்க சார்."

"இரும்மா, வரேன்" என்றேன். அப்படிச் சொன்னால் கொஞ்சம் தைரியமாக இருப்பாள் அல்லவா?

பையில் கத்தி கொண்டுபோயிருந்தேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டால் போதும், மரம் தானாகக் காயும். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஆனது. ஆறாவது மரம்வரை அவள் குரல் கேட்டது.

கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சாயங்காலம் இதே ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். அவள் போனில் அன்று காலை எடுத்த படம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதில் ஏழு மரமும் பட்டையோடு நிற்கின்றன.

கயிற்றை விட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மரங்களை அழித்தவன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். அந்த இனத்தைக் காப்பாற்ற என்னளவு பாடுபட்டவன் வேறு யாருமில்லை.