கொக்கியின் படம், தரம் பத்து

படம் கனமாக இருந்தால் மெயில் சீக்கிரம் போகாது, சார். எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் சுருக்கி அனுப்பினேன்.

மண்ணூர்பேட்டைப் பட்டறையில் கிரேன் கொக்கியைச் சோதித்துப் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை. அங்கே எஞ்சினியர் கிருஷ்ணப்பிரியா அதைப் பார்த்துத்தான் கிரேன் ஓடலாமா என்று சொல்வார். கொக்கியில் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடிப்போம். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய சாயம் மெல்லிய கோடாகக் கசிந்து வரும்.

போன வருஷம் அப்படி ஒரு கோடு வந்தது. பிஎன்ஜியாக அனுப்பினேன், அதில் எதுவும் குறையாது, எடுத்தது எடுத்தபடி போகும். கிரேனை நிறுத்திவிட்டார்கள். கொக்கி மாற்றும்வரை தினக்கூலி ஆட்களுக்கு வேலை இல்லை. திரும்பி வந்த அன்று, கொக்கியில் பாரம் மாட்டும் பச்சையப்பன் எல்லார் முன்னாலும் கேட்டான்.

“இன்னா அண்ணாத்தே, மயிராட்டம் ஒரு கோட்டைப் புட்சினு வந்து எங்க சோத்துல மண்ணைப் போட்டியே. கல்யாண போட்டோலாம் எடுப்பியா? என் தங்கச்சிக்கு ஒரு ஆல்பம் போடேன்.”

“அவரு எடுத்தா பொண்ணு மூஞ்சில விரிசல் கீதுன்னு கல்யாணத்தையே நிறுத்திடுவாரு மாமே” என்றான் மோகன்.

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை. நானும் மூட்டை தூக்கின வீட்டுப் பிள்ளைதான். உழைக்கிறவன் வாய் அப்படித்தான் பேசும்.

இந்த முறை வந்த கோடு இன்னும் தடிமன். மறுபடி அவர்கள் சோற்றில் கை வைக்க மனசு வரவில்லை. ஜேபெக்காகச் சேமித்தேன். அதில் தரத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். தொண்ணூறில் கோடு தெரிந்தது. ஐம்பதில் ஓரம் கலங்கியது. பத்தில் வெறும் கறை. படத்தின் அளவையும் சுருக்கினேன், கறையும் கரைந்தது. கோட்டை நான் அழிக்கவில்லை. அழிப்பது குற்றம் என்று தெரியும்.

படம் மங்கலாக இருக்கிறதே என்று கிருஷ்ணப்பிரியா போனில் கேட்டார். “நெட்டு சரியில்ல மேடம், கொக்கி நல்லாத்தான் கீது” என்றேன். நம்பினார். சரி என்று பதில் வந்ததும் கொக்கியிலிருந்த பொடியைத் தின்னர் துணியால் துடைத்தேன்.

“இன்னா அண்ணாத்தே, ஓட்லாமா?” என்றான் பச்சையப்பன்.

“ஓட்டு” என்றேன்.

பாரம் தூக்கும்போது பக்கத்திலேயே நிற்கிறவன் அந்த வாரம் ஏன் பட்டறை வாசலருகே நின்றாய் என்று கேட்டீர்கள். கொக்கி உடைந்துபோகும் என்று தெரியும், சார். எந்த நாள் என்றுதான் தெரியாது. வியாழக்கிழமை மத்தியானம் உடைந்தது. கீழே பச்சையப்பன் நின்றிருந்தான்.

மெயிலும் ஒரு சாக்குதான். போன வருஷம் பிஎன்ஜி போகத்தானே செய்தது.

ஆனால் அவனிடம் எனக்குப் பகை கிடையாது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவன் தங்கை படம் கேட்டாள். என் போனில் இருந்ததைத் துளியும் சுருக்காமல் கொடுத்தேன். போகிற வழியில் பாருங்கள், மூக்கோரத் தழும்புகூடப் பளிச்சென்று தெரியும். பச்சையப்பன் விஷயத்தில் நான் குறை வைத்தேன் என்று ஒருத்தர் சொல்ல முடியாது.