குருட்டு வண்டு என்ன தின்னும்

மாலை நாலரை மணி. நவம்பர். அந்த மேட்டு நிலத்தில் நவம்பர் நாலரை என்றால் விளக்கு ஏற்றும் நேரம் தாண்டிவிட்டது. ஏழு மைல் பாதை. வழியில் ஒரு வீடு கிடையாது... ஒரு மரம் கிடையாது. கற்சுவர், ஆடு, காற்று. அவ்வளவுதான்.

அந்தப் பாதையின் கடைசி மைலில் ஏனோக் ஸ்லாக் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்.

கொஞ்சம் கிட்டே வாருங்கள். கதவைச் சாத்துங்கள். இது நம்மோடு இரவு முறை வேலை பார்க்கும் ரூபனின் அத்தை டார்கஸ் கண்ணால் பார்த்தது. அவள் பார்க்காததை ஏனோக்கே அவளிடம் சொன்னான். அவன் கடைசியாகப் பேசிய ஆள் கிட்டத்தட்ட அவள்தான்.

ஏனோக் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டு பிடிப்பான். சிரிக்காதீர்கள். நம் தெருவிலேயே பாசி சேர்க்கிறவன் ஒருவன், நத்தை சேர்க்கிறவன் ஒருவன் இருக்கிறார்கள் அல்லவா... அந்த மாதிரி. ஆனால் அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல மகள் கெசியா எழுதுவாள். பதினோரு வயது. தாயில்லாப் பிள்ளை. ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள்.

கடிதங்கள் போனது தெல்வால் என்ற பாதிரியாருக்கு. வண்டுகளைப் பற்றி அவர் எழுதினால் லண்டனில் அச்சாகும். மூன்று வருடம் கடிதப் போக்குவரத்து. இரண்டு பேரும் முகம் பார்த்ததில்லை. அவர் கடிதம் எப்போதும் இப்படித்தான் தொடங்கும்: ‘என் மதிப்பிற்குரிய நண்பர் திரு. ஸ்லாக் அவர்களுக்கு.’ கெசியா அதைப் படிக்கும்போது ஏனோக் தொப்பியைக் கழற்றிவிடுவானாம்.

கைவிட்ட பழைய சுரங்கம் ஒன்றின் அடியில் ஒரு வெடிப்பு. ஆள் நுழைய முடியாது, குழந்தை நுழையலாம். கெசியா நுழைந்து ஒரு வண்டு கொண்டுவந்தாள். அரிசி அளவு. செம்பழுப்பு. கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மூடியிருந்தது. யாரும் அதுவரை பார்க்காத வண்டு.

‘நான் கண்டுபிடித்தேன்’ என்று ஏனோக் சொன்னான். கெசியா பேனாவை நிறுத்தி அவனைப் பார்த்தாள். பிறகு அப்படியே எழுதினாள்.

பதில் வந்தது. வண்டுக்கு ஸ்லாக் என்ற பெயரையே வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார் பாதிரியார். ஆனால் ஒன்று போதாது... ஆணும் பெண்ணுமாக ஜோடி வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஏனோக் அவளை மறுபடி உள்ளே அனுப்பினான். பனி உருகிய தண்ணீர் மேலே நின்றிருந்தது. போகமாட்டேன் என்றாள். அனுப்பினான். கூரை இறங்கியது. பெரிய சத்தம் கூட இல்லையாம்... ஈரச் சாக்கைக் கீழே போட்டது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

உடலை எடுக்க முடியவில்லை. விளையாடப் போய் அவளாகவே நுழைந்துவிட்டாள், நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று ஊரில் சொன்னான். ஊர் நம்பியது. பாதிரியாருக்கு அவன் எதையும் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டுமென்றால் இன்னொருவனை வைத்து எழுத வேண்டும்.

அக்டோபரில் பாதிரியாரிடமிருந்து அச்சான புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. ஜெபக்கூடத்து வாத்தியார் படித்துக் காட்டினார். வண்டுக்கு ஏதோ ஒரு சீமாட்டியின் பெயர். ஸ்லாக் என்ற சொல்லே எங்கும் இல்லை. ஏனோக்குக்கு அது வலித்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டு பக்கம்தான் அவனை உலுக்கியது. அந்த வண்டு எப்படி வாழ்கிறது, எதைத் தின்கிறது, எந்த இடத்தில் தொடங்குகிறது... எல்லாம் ‘சுரங்கத்தருகே உள்ள என் நண்பர் நேரில் கவனித்து எழுதியபடி’.

அவன் அப்படி எதுவும் எழுதவில்லை. அப்படியானால் ஊரில் வேறு எவனோ இன்னொரு வழி கண்டுபிடித்து அந்த வெடிப்புக்குள் போய் வருகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் பாதிரியாருக்கு எழுதுகிறான். போனவன் வண்டை மட்டுமா பார்த்திருப்பான்? உள்ளே கிடப்பதையும் பார்த்திருப்பான். அவள் இடுப்பில் ஏனோக் கட்டிய கயிற்றையும் பார்த்திருப்பான்.

அந்தத் துரோகி யார் என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏழு மைல்.

வழியெல்லாம் கொழுப்பு மெழுகுவர்த்தியின் வாசனை அடித்தது என்றான். சுரங்கத்தில் தொப்பியில் ஒட்டிவைத்துக்கொள்வோமே, அது. அணைத்த கையோடு வரும் புகை வாசனை. திறந்த வெளி... எதிர்க்காற்று... ஒரு வெளிச்சம் இல்லை. ஆனாலும் அடித்தது.

பாதிரியார் வீட்டில் வேலைக்கு இருந்த டார்கஸ்தான் கதவைத் திறந்தாள்.

“என்னய்யா, பாதி மலைய கால்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கீரு? தொடச்சிட்டு வாரும். இன்னிக்கித்தான் கழுவி விட்டேன்.”

பாதிரியாரின் அறையில் கற்பூரமும் கசக்கிய லாரல் இலையும் கலந்து மணந்தன. அந்த இலையைப் புட்டியில் போட்டுத்தான் வண்டுகளைச் சாகடிப்பது. மேசையில் விளக்கு, பூதக்கண்ணாடி, ஊசியில் குத்திய வண்டுகள் வரிசையாக. பாதிரியார் எழுந்திருக்கவில்லை.

“நீதான் ஸ்லாக்கா? கடுதாசியப் பாத்து நல்ல ஒசரமான ஆளுன்னு நெனச்சேன். அங்கயே நில்லு, மிதியடி மேல. கம்பளம் புதுசு.”

நீ. ஏனோக்குக்கு முதல் அடி அதுதான். மூன்று வருட மதிப்பிற்குரிய நண்பர் மிதியடியில் நின்றார்.

“என் பேர வெக்கிறேன்னு எழுதினீங்களே ஐயா.”

“எழுதினேன். நீதானப்பா வேணாம்னுட்ட.”

“நானா?”

“மார்ச் மாசம் எழுதியிருந்தியே. ‘ஸ்லாக் என்ற பெயரை வைக்க வேண்டாம்.’ அடிக்கோடே போட்டிருந்த.”

பாதிரியார் இழுப்பறையைத் திறந்து கடிதக்கட்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். பதினாறு, பதினேழு கடிதம் இருக்கும். காகிதம் விறைத்து, ஓரங்களில் சாம்பல் நிறக் களிமண் காய்ந்திருந்தது.

ஏனோக்குக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்று வருடம் கெசியா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்திருக்கிறான். வரி முடியும் இடத்தில் காகிதம் போதாமல் எழுத்துகள் சிறுத்துச் சிறுத்துக் கீழே சரியும். அந்தச் சரிவு. உலகத்தில் வேறு யாருக்கும் அது வராது.

“தேதி என்ன போட்டிருக்கு ஐயா?”

“இது மார்ச் நாலு. இது மே. இது போன வாரம். ஏன், நீ எழுதினது உனக்கே மறந்துபோச்சா? போதையில எழுதுவியோ?”

நெருப்பில் ஒரு கரித்துண்டு உடைந்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே ஏனோக் தலை நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

பாதிரியார் அதைப் பார்த்தார். குரலை இறக்கினார். “சரி, விடு. பேரு போனது போச்சு, அச்சாயிடுச்சு. ஆனா அடுத்த கட்டுரை இதவிடப் பெருசு. வண்டோட தீனியப் பத்தியே இருபது பக்கம். கவனிச்சவன் பேர முதல் பக்கத்துல போடுறேன். வாக்கு. ஒண்ணு மட்டும் சொல்லு. இதெல்லாம் நீ கவனிச்சதா, வேற யாராவதா? வேற ஆளுன்னா அந்த ஆள் பேரு போட்டாகணும்.”

கெசியா ஸ்லாக் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு சொல். அந்தப் பெயரைச் சொன்னால் அவள் எங்கே என்ற கேள்வி வரும். அதோடு... முதல் பக்கம்.

“நான்தான் ஐயா. எல்லாம் நான்தான் எழுதினேன்.”

சொன்னதும் அறை குளிர்ந்தது என்று டார்கஸ் சொல்லவில்லை. அவள் அந்த மாதிரி ஆள் இல்லை. நெருப்பு நன்றாகவே எரிந்தது, நான் அப்போதுதான் ரொட்டியும் தேநீரும் கொண்டுபோனேன் என்றாள். தட்டில் அன்றைய மாலைத் தபாலும் இருந்தது. ஒரே ஒரு கடிதம். தொட்டால் ஈரம்.

“அடடே, நேத்து எழுதிப் போட்டுட்டு இன்னிக்கி நேர்லயும் வந்துட்டியா? கெட்டிக்காரன்தான்.” பாதிரியார் கத்தியால் உறையைக் கிழித்தார். “ஆமா, தீனிக்கு உள்ள என்ன போட்டு வெச்ச? எந்தப் பிராணி?”

“ஆடு, ஐயா.”

“ஆடு,” என்று குறித்துக்கொண்டு, பாதிரியார் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.

‘ஐயா. இப்போது மொத்தம் முப்பத்தொன்று. ஜோடிகள் ஒன்பது. கோடையில் இமைகளை முடித்துவிட்டன. நாக்கின் அடிப்பக்கம் அவற்றுக்குப் பிடிக்கிறது. நகத்தைத் தொடுவதில்லை. அவசரமே கிடையாது. ஒரு விரலுக்கு ஒன்பது நாள்...’

“விரலா?” என்றார் பாதிரியார்.

ஏனோக் மிதியடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதிரியார் தொடர்ந்தார். குரல் மாறிவிட்டது. ‘எழுதுவதற்காக வலது கையை மட்டும் இத்தனை நாள் நெஞ்சுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தேன். சென்ற வாரம் அதையும் கண்டுபிடித்துவிட்டன. இது என் கடைசிக் கடிதம். மழையில் வெடிப்பு அகலமாகிவிட்டது. இப்போது பெரிய ஆளும் நுழையலாம். கவனிப்பு தொடர வேண்டுமானால் புதியதாக ஒன்று தேவை. அப்பா உங்கள் எதிரில் நின்றுகொண்டிருப்பார். எல்லாவற்றையும் தான்தான் எழுதியதாகச் சொல்லியிருப்பார். இனிமேல் அது உண்மையாகட்டும்.’

டார்கஸ் தட்டை வைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அப்படியே நின்றாள்.

பாதிரியார் கடிதத்தை மடித்தார். ஜெபம் சொல்லவில்லை. கர்த்தரே என்று கூடச் சொல்லவில்லை. விளக்கைத் தூக்கி ஏனோக்கின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து... ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணை அல்ல, இமையை.

“உட்காருங்க நண்பரே,” என்றார். “டார்கஸ், இவருக்குக் கொஞ்சம் பிராந்தி குடு. நாம இப்பவே போயிப் பாத்துடுவோம். பாவம், அந்தப் பிள்ளைக்கு முறையா அடக்க ஜெபம் சொல்லணும். நீங்க முன்னால போங்க, வழி உங்களுக்குத்தான் தெரியும். நான் பின்னால வெளிச்சம் காட்டுறேன். வேணாம்னா சொல்லிடுங்க, போலீசுல விவரத்தச் சொல்லி அவங்களக் கூட்டிட்டுப் போறேன்.”

பாதிரியார் கயிறும் லாந்தரும் எடுக்கப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில்தான், சமையலறையில் உட்கார்ந்து ஏனோக் இதையெல்லாம் டார்கஸிடம் கொட்டினான். பிராந்தியைத் தொடவில்லை.

“போவாதய்யா,” என்றாள் அவள். “பின்வாசல் தெறந்துதான் கெடக்கு. ஓடிப்போயிரு.”

“எங்க ஓடறது? நான் போமாட்டேன்னு அவளும்தான் சொன்னா. நான் கேட்டனா?”

ஆறு மணிக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். பாதிரியார் அவன் தோளில் கை போட்டு மெதுவாகப் பேசிக்கொண்டே போனார். லாந்தர் சுவரோரமாக ஆடி ஆடி மேலே ஏறியது... சின்னதாகி மறைந்தது.

விடியும் முன் ஒரு ஆள் திரும்பி வந்தார். பாதிரியார். முழங்கால் வரை சாம்பல் நிறக் களிமண். கயிறு கையில் இல்லை. டார்கஸ் கேட்டாள். அவன் பாதி வழியில் மனம் மாறி வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்றார். இரண்டு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏனோக் வீட்டுக்குப் போகவில்லை. வேலைக்கும் வரவில்லை.

அடுத்த மூன்று நாளும் பாதிரியார் மாலைத் தபாலுக்காக வாசற்கதவு வரை போய் நின்றார். நான்காம் நாள் தபால்காரர் ஒரு கடிதம் கொடுத்தார். டார்கஸ் ஜன்னலில் இருந்து பார்த்தாள். ஈர உறை. பாதிரியார் அங்கேயே நின்றபடி பிரித்தார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். படிக்கச் சிரமப்பட்டார் போலிருந்தது.

உள்ளே வந்ததும் அவர் அவளிடம் சொன்னது ஒன்றுதான்.

“கையெழுத்து கொஞ்சம் மோசம். போகப் போகப் பழகிடும்.”