கீழ்க்குட்டை

புல்கெண்டைக்கு ஊசி போடுவது குழந்தைக்குப் போடுவதைவிடச் சுலபம். ஈரத் துணியில் சுற்றிக் கண்ணை மூடிவிட்டால் மீன் பேசாமல் கிடக்கும். பக்கத்துடுப்பின் அடியில் செதில் இல்லாத ஓர் இடம் உண்டு. அங்கே ஊசியைச் சாய்த்துச் செலுத்தினால் போதும். இரண்டே நாளில் அறுநூறு மீனுக்கு நான் போட்டிருக்கிறேன். அறுநூறையும் துணியில் சுற்றிப் பிடித்துத் தந்தவள் உன் அம்மா காளியம்மா.

பாப்பா, போன ஞாயிறு நீ தாப்பாவிலிருந்து பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து, என் வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "பொண்ணு பாக்க வந்தவங்க சாடையா பேசிட்டுப் போறாங்க. எங்கம்மா அப்படி என்னா குத்தம் செஞ்சாங்கய்யா?" என்றாய். நான் தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னேன். மழை வரும் போலிருக்கிறது என்றேன். உன்னை அனுப்பிவிட்டேன். வாயில் வராதது சிலருக்கு எழுத்தில் வரும்; முப்பது வருடம் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிப் பழகிய கை இது. அவசரப்படாமல் படி.

அது 1978. உனக்கு எட்டு வயது. உன் அப்பா சின்னையா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். லயத்து வீடும் போயிற்று. அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அலையாய் அலைந்து, கோப்பெங் பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன இரண்டு குட்டைகளைப் பிடித்து மீன் விட்டார். இரண்டு குட்டையிலும் ஒரு போகம் மீன் நன்றாகத் தேறிவிட்டால் நிலத்தில் தொடர்ந்து இருக்கலாம் என்று ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். தேறாவிட்டால் அவருக்கு நாகப்பட்டினத்துக்குக் கப்பல். உன் அம்மா இங்கே பிறந்தவள், நீயும் இங்கே பிறந்தவள். அந்தக் குட்டைகள்தான் உங்கள் மூவரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்தன. இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

நான் மீன் ஆய்வு நிலையம் ஒன்றில் உதவியாளன். பட்டம் இல்லாதவன். மேலதிகாரி ஸ்கந்தராஜா எங்கள் யாழ்ப்பாணத்து ஆள்தான், ஆனாலும் வந்தவர்களிடம் என்னைப் போத்தல் கழுவுகிறவன் என்றே அறிமுகம் செய்வார். அந்தக் காலத்தில் புல்கெண்டைக்கு ஒரு நோய் பரவியது. செதிலுக்கு அடியில் சிவப்புச் சிவப்பாக ரத்தம் கட்டும், செவுள் வெளுக்கும், இரண்டு வாரத்தில் குட்டை காலி. வைரஸ் என்பதால் தண்ணீரில் கொட்டும் எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. ஆனால் தப்பிப் பிழைத்த மீனை அது மறுபடி தொடுவதில்லை. ஒருமுறை வந்து போன எதிரியை மீனின் உடம்பு மறப்பதில்லை.

செத்த மீனின் ஈரலையும் மண்ணீரலையும் அரைத்து, வடிகட்டி, ஃபார்மலின் விட்டுக் கிருமியைக் கொன்று ஊசியாகப் போட்டால், நோய்ப்படாமலே மீனுக்கு அந்த ஞாபகம் வந்துவிடும் என்று ஒரு சீனத் துண்டறிக்கையில் இருந்தது. மீன் வியாபாரி ஒருவர் படித்துச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். மூன்று மாதம் அரைத்தேன். நாற்றம் சட்டையை விட்டுப் போகவில்லை. ஸ்கந்தராஜாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஊசி போட்ட மீன் தப்பினா, அது உம்மட மருந்தாலயோ, கடவுள் கிருபையாலயோ? போடாத மீன் பக்கத்தில சாகவேணும், பூபாலசிங்கம். அப்பத்தான் அது ஆராய்ச்சி" என்றார்.

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அது சரிதான்.

உன் அப்பாவின் மேல்குட்டையும் கீழ்க்குட்டையும் ஒரே அளவு, ஒரே மண். நடுவில் ஒரு வரப்பு. இதன் தண்ணீர் அதில் கலக்காது. அப்படி ஒரு ஜோடி பேராக் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. மேல்குட்டை மீன் முந்நூறுக்கும் மருந்து போட்டேன். கீழ்க்குட்டை மீன் முந்நூறுக்கும் வெறும் உப்புத் தண்ணீர் போட்டேன். உன் அப்பாவிடம் இரண்டுமே மருந்து என்று சொன்னேன். தெரிந்தால் எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? உன் அம்மா ஒவ்வொரு மீனையும் கையில் எடுக்கும்போது, "ஒண்ணும் இல்லடா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பாள். உப்புத் தண்ணீர் மீன்களுக்கும் அப்படியே சொன்னாள். மத்தியானம் வாழையிலை போட்டு எனக்குச் சோறு பரிமாறினாள். என் மனைவி இறந்து அது நாலாம் வருடம். ஒருவர் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதையே நான் மறந்துபோயிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து நோய் வந்தது. அறிக்கையில் 'வந்தது' என்றுதான் எழுதினேன். நோய்க்குக் கால் கிடையாது. வேறொரு குட்டையில் சாகக் கிடந்த நாலு மீனை வாளியில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, மோட்டார் சைக்கிளில் வைத்து நான்தான் கொண்டுவந்தேன். மேலே இரண்டு விட்டேன், கீழே இரண்டு விட்டேன். அதில் ஓரவஞ்சனை எதுவும் செய்யவில்லை.

கீழ்க்குட்டையில் முதல் மீன் மிதந்த நாளை முதல் நாளாக வைத்துப் பதினான்கு நாள் எண்ண வேண்டும். மூன்றாம் நாள் உன் அப்பா செத்த மீன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, பாருங்க, மேலெல்லாம் செவப்பு செவப்பா போட்டிருக்கு. பாசார்ல மீன் வாங்குற ஆள்கிட்ட சொல்லிட்டேன். உசிரோட இருக்கிறதையாச்சும் இன்னைக்கே வலை போட்டு அள்ளிரலாம்லா."

புத்திசாலித்தனமான யோசனை. முந்நூறில் இருநூற்று எண்பதாவது தேறியிருக்கும். மேல்குட்டை மீனோடு சேர்த்து அதிகாரியிடம் காட்ட அது போதும். ஆனால் கீழ்க்குட்டையை அள்ளிவிட்டால் என் சோதனை அதோடு முடிந்தது. வழியை அவரே காட்டினார். மீனைத் திருப்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "முத்து போட்ட மாதிரியே இருக்கே. ஆத்தா எறங்கியிருக்காளாய்யா?" என்று கேட்டார்.

அம்மை கண்ட வீட்டில் எப்படி நடந்துகொள்வார்கள் என்று உனக்குத் தெரியும். தாளிக்கமாட்டார்கள், கவிச்சி ஆக்கமாட்டார்கள், ஓர் உயிரைத் துன்பப்படுத்தமாட்டார்கள். அவளாக மனம் குளிர்ந்து போகும்வரை காத்திருப்பார்கள். குட்டையில் ஆத்தா இருந்தால் குட்டையில் வலை விழாது.

"ஓம் சின்னையா, அப்படித்தான் கிடக்கு" என்றேன்.

பொய் சொன்னதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏழை மனிதரின் நம்பிக்கையில் கை வைக்காமல் விட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பா வலையைச் சுருட்டி வைத்தார். கீழ்க்குட்டையின் நாலு மூலையிலும் வேப்பிலை செருகினார். உன் அம்மா கூழ் காய்ச்சி வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். நான் காலையும் மாலையும் போய் மிதந்தவற்றை எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழாம் நாள் கீழே நூற்று நாற்பது, மேலே ஆறு.

மருந்து வேலை செய்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் மீன் துள்ளியது, அந்தப் பக்கம் வயிறு மேலாக மிதந்தது. இதனால் ஒரு சங்கடம் வரும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆத்தா ஏன் ஒரு குட்டையை மட்டும் தொட்டாள்? உன் அத்தை ராக்காயி தாப்பாவிலிருந்து வந்து பார்த்தாள். கீழ்க்குட்டையில் இறங்கித் துணி அலசுகிறது யார் என்று கேட்டாள். தீட்டு நாளிலும் இறங்கினாளா என்று கேட்டாள். உன் அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இறங்கினேன் என்றாள்.

உன் அப்பா அவளை அடிக்கவில்லை. அவள் ஆக்கிய சோற்றைத் தொடாமல் விட்டார், அவ்வளவுதான். ஒருநாள் அவள் காதில் விழும்படி, "கப்பல்ல நான் ஒருத்தன்தான் போவணும்னு எழுதியிருக்கு. யாரால?" என்றார். நான் வரப்பில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் உன் அம்மா எனக்காகக் குட்டையோரம் காத்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள்.

"ஐயா, நீங்க படிச்சவங்க. ரெண்டு குட்டைக்கும் ஒரே மருந்துதானே போட்டீங்க? நான்தானே ஒவ்வொண்ணா புடிச்சுக் குடுத்தேன். அப்ப இது என்னாலதானாய்யா?"

ஸ்கந்தராஜா கேட்ட அதே கேள்விதான். பள்ளிக்கூடமே போகாதவள் அவரைவிடத் தெளிவாகக் கேட்டாள். இரண்டே வார்த்தையில் நான் பதில் சொல்லியிருக்கலாம். உப்புத் தண்ணீர் என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் உன் அப்பா அந்த நிமிடமே மிச்சத்தை அள்ளியிருப்பார். இன்னும் மூன்று நாள்தான் பாக்கி.

"பொறு பிள்ளை. இன்னும் மூண்டு நாள் போகட்டும். எல்லாம் சொல்லுறன்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல் பெரிய மனுஷர் தவணை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அது எனக்கு அங்கேயே புரிந்தது. "சாப்பிட்டுட்டுப் போங்கய்யா" என்றாள். எனக்குப் பசிக்கவில்லை என்றேன்.

மறுநாள் விடிந்ததும் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கீழ்க்குட்டையில் இறங்கினாள். ஈயம் தோண்டிய குட்டை, பாப்பா. நாலடி போனால் அப்புறம் தரை கிடையாது. ஆத்தாவைக் குளிரவைக்க இறங்கினாளா, போய்விடவே இறங்கினாளா, எனக்குத் தெரியாது. அத்தை உன்னை இடுப்போடு அணைத்து உன் கண்ணைப் பொத்தியிருந்தாள். என் கண்ணைப் பொத்த யாரும் இல்லை. அந்த மஞ்சள் சேலையைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

மேல்குட்டை மீன் மட்டும் அதிகாரிக்குப் போதவில்லை; உன் அப்பா தனியாகவே கப்பலேறினார். அத்தை உன்னைத் தாப்பாவுக்குக் கொண்டுபோனாள். தன் பெண்டாட்டிதான் குட்டையைக் கெடுத்தாள் என்று நம்பிக்கொண்டே அந்த மனிதர் ஊரில் கண்ணை மூடினார். உன் அம்மா ஒரு குற்றமும் செய்யவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. கீழே என் கையெழுத்து இருக்கிறது.

ஆய்வு அச்சில் வந்தது. ஸ்கந்தராஜாவின் பெயர் மேலே, என் பெயர் நன்றி சொல்லும் வரியில். வேறு ஊர்களில் அந்த ஊசியால் சில குடும்பங்கள் பிழைத்தன. அவற்றை நினைத்துத்தான் தூங்கப் பழகினேன்.

பதினான்காம் நாள் முடிந்ததும் அவளிடம் நிச்சயம் சொல்லியிருப்பேன், பாப்பா. மூன்றே நாள் அவள் பொறுத்திருக்கலாம். இதை நான் எனக்கே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன். ஆனால் அன்று காலை அவளைக் கரையேற்றிக் கொண்டுபோன பிறகு, கலங்கிய தண்ணீர் தெளியும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்து, அன்றைய மீனை எண்ணிவிட்டுத்தான் நான் எழுந்தேன்.