நோய் இல்லாத ஆள்

— கையை மடக்காத. ஊசி விலகினா மறுபடியும் டயாலிசிஸ் மெஷின் கத்தும்.

— கத்தட்டும்க்கா. நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கறவனுக்கு அதுவாவது பேச்சுத் துணை.

— வாய் மட்டும் குறையல உனக்கு.

— உன் லேப்ல வளர்ற என் கிட்னி எப்படி இருக்கு? மிளகு சைஸ்ல இருந்துச்சே, கொஞ்சமாவது தேறிச்சா?

— அது கிட்னி இல்லடா. உன் ரத்தத்துல எடுத்த செல்லை ஸ்டெம் செல்லா மாத்தி, ஒரு சின்னத் தட்டுல கிட்னி மாதிரி கொஞ்சம் வளர வச்சிருக்கோம். அவ்வளவுதான். அதுல ரத்தம் ஓடாது. ஒரு சொட்டு மூத்திரம் வெளிய போக வழி கிடையாது.

— ரெண்டு வருஷம் முன்னாடி இப்படிச் சொல்லலியே. பொறுடா, உன் செல்லுலேர்ந்தே புதுசா ஒண்ணு வரும்னு சொன்ன.

— வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆசையில உளறிட்டேன்.

— சரி விடு. நானும் லிஃப்ட் மெக்கானிக்தானே. அஞ்சே நிமிஷத்துல ஓடிடும்னு எத்தனை பேரைப் படிக்கட்டுல நிக்க வச்சிருக்கேன்.

— சிரிக்காத.

— அக்கா, ஒண்ணு சொல்லணும். நேத்து பாத்ரூம்ல விழுந்துட்டேன். பாப்பா வெளிய நின்னு கதவைத் தட்டித் தட்டி அழுதா.

— ஐயோ. அடி பட்டுதா?

— அதை விடு. இத்தனை நாளா நீ உன் கிட்னியைத் தர்றேன்னு கெஞ்சின. உனக்கும் ரெண்டு பிள்ளைங்க, மாமா என்ன நினைப்பாரோன்னு நான்தான் முறுக்கிக்கிட்டேன். உன் லேப்ல ஏதாவது நடக்கும்னு ஒரு நப்பாசை வேற. இப்போ முடியலக்கா. என் பொண்டாட்டிக்கு ரத்தம் சேரல, அம்மாவுக்கு சர்க்கரை. உன்னை விட்டா ஆளில்ல. வெட்கத்தை விட்டுக் கேக்கறேன், குடு.

— தண்ணி குடிக்கிறியா? ஒரு வாய் குடிக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்க.

— தண்ணி இருக்கட்டும். ஏன் முகத்தைத் திருப்பிக்கிற? மூணு மாசமா நீ அந்தப் பேச்சையே எடுக்கல. என் மேல கோபமா? இல்ல, மாமா வேண்டாம்னுட்டாரா?

— அவரு பாவம், ஒண்ணும் சொல்லல. நான் சொல்றதைக் கேளு. உன் தட்டுல நீர்க்கட்டி வந்துச்சுன்னு சொன்னேன்ல?

— அப்பாகிட்டேர்ந்து எனக்கு வந்த நோய் தட்டுல வச்சாக்கூட விடமாட்டேங்குதுன்னு சொன்ன.

— அதோட ஒப்பிட்டுப் பாக்க, அதே குடும்பத்துல நோய் இல்லாத ஆள் ஒருத்தர் வேணும்னாங்க எங்க மேடம். என் ரத்தத்தை எடுத்துக்கங்கன்னு நான் கையை நீட்டினேன். ஸ்கேன் எடுத்துப் பாத்தியான்னு கேட்டாங்க. எனக்கென்ன மேடம், கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லிட்டேன்.

— சரி, அதுக்கென்ன?

— என் தட்டுலயும் வந்துடுச்சு.

— நம்பரை மாத்தி எழுதியிருப்ப. தினம் நூறு தட்டைத் தூக்கி வைக்கிற.

— அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டா. நான்தான் மாத்திட்டேன்னு மேடம்கிட்ட ஒத்துக்கிட்டு, திட்டு வாங்கிக்கிட்டு, முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். என்னோடதுக்கு சிவப்பு பேனா, உன்னோடதுக்கு நீலம். மூணு மாசம், ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடல. வேற யாரையும் தொட விடாம, அதுங்களுக்கு ஊத்தற சத்துத் தண்ணியை நானே மாத்தினேன்.

— பாப்பா பொறந்தநாளுக்குக்கூட வராம இருந்தியே, அதுக்கா?

— ஆமா.

— சிவப்புல என்ன வந்துச்சு?

— கொத்துக் கொத்தா கட்டி.

— அது வெறும் தட்டுக்கா. இப்பதான நீயே சொன்ன, அது கிட்னியே இல்லன்னு. உனக்கு ஒரு வலி உண்டா, வீக்கம் உண்டா? நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம், உனக்கு ஒண்ணும் இல்லன்னு அவரே சொல்லுவாரு.

— காலையில ஸ்கேன் எடுத்துட்டுத்தான்டா இங்க வர்றேன். என் ரெண்டு கிட்னியிலயும் கட்டி இருக்கு. உனக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல.